யானைக்கால் நோய்த் துரிதப் பரிசோதனைப் பட்டை: உருவாக்கும் நிலையில் வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிமுறையும்

வுச்செரேரியா பான்க்ராஃப்டி என்னும் யானைக்கால் நோய்ப் புழு, மனித இரத்தத்தில் தன் ஆன்டிஜெனை, அதாவது உடலின் எதிர்ப்புப் பொருள்களான ஆன்டிபாடிகள் அடையாளம் கண்டு பிணையும் பொருளை, இரவும் பகலும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் நுண்புழுக்கள், அதாவது இளம் புழுக்கள், நம் நாட்டில் பெரும்பாலும் இரவில்தான் தோலருகே ஓடும் விளிம்பு இரத்தத்துக்கு வருகின்றன என்பதால், பல பத்தாண்டுகளாகக் களப்பணியாளர்கள் இரவு பத்து மணிக்குமேல் வீடு வீடாகச் சென்று விரலில் குத்தி இரத்தம் எடுத்துவந்தார்கள். ஆன்டிஜெனைக் கண்டறியும் அட்டைப் பரிசோதனை 1990களில் வந்தபிறகு பகலிலேயே சோதிக்க முடிந்தது. அதன் இடத்தைப் பின்னர் ஃபைலேரியாசிஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப் பிடித்தது. இத்தகைய பட்டை ஒன்றைப் புதிதாக உருவாக்குபவருக்கோ, இருப்பதைத் திருத்தி அமைப்பவருக்கோ இடையில் எதிர்ப்படும் பிழைகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியின் வரிசையில் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேறு ஒட்டுண்ணி நோயின் பட்டையில் ஒரு பிழை இன்னும் தெளிவாகத் தெரியும் இடங்களில் அந்த நோயையும் துணைக்கு அழைத்துக்கொள்வேன்.

பட்டையின் அமைப்பை ஒருமுறை நினைவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இரத்தம், ‘மாதிரி பேட்’ என்னும் சிறு மெத்தையில் விழுகிறது. அங்கே இரத்த அணுக்கள் வடிகட்டப்பட்டு, திரவம் கான்ஜுகேட் பேடுக்குப் போகிறது. அங்கே உலர்ந்திருக்கும் தங்கத் துகள்கள் ஆன்டிபாடியைச் சுமந்தபடி (இந்தச் சேர்க்கையே கான்ஜுகேட்) கரைந்து, நைட்ரோசெல்லுலோஸ் சவ்வில் ஓடி, முதலில் தேடும் பொருள் இருந்தால் மட்டும் தோன்றவேண்டிய சோதனைக் கோட்டையும், பிறகு பட்டை சரியாக ஓடினால் எப்போதும் தோன்றவேண்டிய கட்டுப்பாட்டுக் கோட்டையும் கடந்து, கடைசியில் உறிஞ்சு பேடில் அடங்குகின்றன. பிழை எதுவானாலும் அது இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: இந்தப் பாதை, பாதையில் விடப்பட்ட மாதிரி, முடிவை எதனோடு ஒப்பிடுகிறோம் என்ற அளவுகோல். பலர் முதல் இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ஆன்டிபாடியை மாற்றுவதுதான் மிகச் செலவான திருத்தம். எனவே அது கடைசியாக வரவேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை சில. நுண்புழு இருப்பது நுண்ணோக்கியில் உறுதிசெய்யப்பட்டவர்களின் சீரம் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), நோய் பரவாத பகுதியைச் சேர்ந்தவர்களின் சீரம், வேறு புழுத்தொற்று உள்ளவர்களின் சீரம், நேர்மறை மாதிரியை எதிர்மறைச் சீரத்தில் படிப்படியாக நீர்த்துச் செய்த ஒரு வரிசை ஆகியவை சிறு குப்பிகளில் பிரிக்கப்பட்டு உறைநிலையில் இருக்கவேண்டும். எந்த மாற்றமும் செய்யாத பழைய பட்டை ஒன்றை ஒவ்வொரு சோதனையிலும் பக்கத்தில் ஓட்டவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவசரத்தில் எல்லோரும் மீறுவதும் அதைத்தான்.

அறிகுறி 1: கட்டுப்பாட்டுக் கோடே தோன்றவில்லை

இது எளிய பிழை. திரவம் உறிஞ்சு பேடுவரை போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். போகவில்லையென்றால் பேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் தொடர்பு விட்டிருக்கும், அல்லது கேசட்டின் உள்மேடுகள் பேடைப் போதிய அளவு அழுத்தாமல் இருக்கும். கேசட்டைத் திறந்து, பட்டையை வெறுமனே மேசைமேல் வைத்து ஓட்டினால் கோடு வருகிறது என்றால் குற்றம் கேசட்டினுடையது. திரவம் முழுதும் ஓடியும் கோடு இல்லை, கான்ஜுகேட் பேடிலேயே சிவப்பு தங்கியிருக்கிறது என்றால், தங்கம் உலரும்போது கெட்டியாகப் பற்றிக்கொண்டுவிட்டது. உலர்த்தும் கரைசலில் சுக்ரோஸ் அல்லது ட்ரெஹலோஸ் அளவை உயர்த்திப் பார்க்கவேண்டும். தங்கமும் ஓடிவிட்டது, கோடு மட்டும் இல்லை என்றால் கட்டுப்பாட்டுக் கோட்டில் இட்ட ஆன்டிபாடி, தங்கத்தின்மேல் உள்ள ஆன்டிபாடி எந்த விலங்கிலிருந்து வந்ததோ அதற்கு உரியதுதானா என்று குப்பியின் மேலொட்டைப் படியுங்கள். நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி விடை அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி 2: கட்டுப்பாட்டுக் கோடு நன்றாக வருகிறது, வலுவான நேர்மறை மாதிரியிலும் சோதனைக் கோடு இல்லை

முதலில் அந்த மாதிரியைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து ஓட்டுங்கள். நீர்த்தபின் கோடு தோன்றினால், ஆன்டிஜென் குறைவாக இருப்பது சிக்கல் அல்ல, மிகுந்திருப்பதே சிக்கல். மிகுதியான ஆன்டிஜென், தங்கத்தின் மேலுள்ள ஆன்டிபாடியையும் கோட்டில் உள்ள ஆன்டிபாடியையும் தனித்தனியே நிரப்பிவிடுவதால் இரண்டையும் இணைக்கும் பாலம் உருவாவதில்லை. ஆய்வகங்களில் இதை ஹூக் விளைவு என்பார்கள். தங்கத்தின் அளவைக் கூட்டுவது, மாதிரியின் அளவைக் குறைப்பது, ஆன்டிஜென் தங்கத்தைச் சந்திக்கும் நேரத்தை மாற்றுவது ஆகியவை இதற்கு வழிகள்.

நீர்த்தாலும் கோடு இல்லையென்றால் தங்கக் கான்ஜுகேட்டைச் சோதிக்கவேண்டும். 40 நானோமீட்டர் அளவுள்ள நல்ல தங்கக் கூழ்மம் ஒயின் சிவப்பாக இருக்கும். 525 நானோமீட்டருக்கு அருகில் ஒளியை உச்சமாக உறிஞ்சும். அதில் பத்து சதவீத உப்புக் கரைசலைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்ததும் நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ திரும்பினால், துகள்களின் மேற்பரப்பை ஆன்டிபாடி முழுதும் மூடவில்லை, துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன என்று பொருள். ஆன்டிபாடியின் அளவையும் கரைசலின் பி.எச். மதிப்பையும் ஒரு கட்டமாக மாற்றி, உப்பைத் தாங்கும் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுமேல் நிற்பதே வழக்கம். பி.எச்., ஆன்டிபாடியின் நிகர மின்னூட்டம் சுழியாகும் சமமின் புள்ளிக்குக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். ஒரு மோனோகுளோனலுக்கு, அதாவது ஒரே அமைப்பை மட்டும் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடிக்கு, பொருந்திய மதிப்பு அடுத்ததற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கான்ஜுகேட்டும் நன்றாக இருக்கிறது என்றால், எந்த ஆன்டிபாடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். பழைய யானைக்கால் அட்டையில் ஏடி12 என்ற மோனோகுளோனல் சவ்வின் கோட்டில் இருந்தது. தங்கத்தின்மேல் பல வகைகள் கலந்த பாலிகுளோனல் ஆன்டிபாடி இருந்தது. இந்தப் புழுவின் ஆன்டிஜெனில் ஒரே சர்க்கரை அமைப்பு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவதால், ஒரே மோனோகுளோனலை இருபுறமும் வைத்தும் பாலம் அமைக்க இடமிருக்கிறது. ஒரே ஒரு பிணைப்பிடம் மட்டும் உள்ள புரதத்தைத் தேடும் வேறு நோயின் பட்டைக்கு இந்த உத்தியை எடுத்துச் சென்றால், கோடு வராது. அங்கே கூடுதல் தங்கமும் உதவாது. இருபுறத்தையும் இடம் மாற்றிப் பார்ப்பது ஒரு நாள் வேலைதான், ஆனால் பல குழுக்கள் அதைச் செய்யாமலேயே புதிய ஆன்டிபாடியை வாங்கப் போகின்றன.

ஆன்டிஜெனை அல்லாமல் நோயாளியின் ஆன்டிபாடியைத் தேடும் பட்டைகளில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. அங்கே தங்கத்தின்மேல் இருப்பது மனித ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையைப் பிடிக்கும் பொருள். இரத்தத்தில் உள்ள ஐஜிஜியில் மிகப் பெரும்பகுதி அந்த ஒட்டுண்ணியோடு தொடர்பில்லாதது. அது தங்கத்தைத் தன்பக்கம் இழுத்துத் தீர்த்துவிட்டால் தேவையான ஆன்டிபாடிக்கு எதுவும் மிஞ்சாது. மாதிரியைக் குறைத்து, அதோடு விடும் கரைசலான பஃபரைக் கூட்டுவது இங்கே பலன் தரும். ஐஜிஜி4 என்ற துணைவகையை மட்டும் பிடிக்கும் தங்கத்தைப் பயன்படுத்துவது இன்னும் நல்ல தீர்வு: நாட்பட்ட ஃபைலேரியா தொற்றில் அந்தத் துணைவகை உயர்கிறது, உடலின் மொத்த ஐஜிஜியில் அதன் பங்கோ மிகச் சிறியது. யானைக்கால் நோயைத் தரும் இன்னொரு வகையான புருகியா இனப் புழுக்களுக்கு மலேசியாவில் உருவான பட்டையும், ஆற்றுக்குருடு நோய்ப் புழுவின் ஓவி16 ஆன்டிஜெனைக் கொண்ட பட்டையும் இந்த வழியில் அமைந்தவை.

அறிகுறி 3: எதிர்மறை மாதிரியில் மங்கலான கோடு

உருவாக்குபவரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த அறிகுறிதான். மங்கலான கோட்டை ஒரே பிழையாகப் பார்த்தால் வழி கிடைக்காது. அது எப்போது வருகிறது, எதில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

மாதிரியே இல்லாமல் வெறும் பஃபரை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் கோடு வந்தால் நோயாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தங்கம் நேரடியாகக் கோட்டில் ஒட்டுகிறது. பஃபரில் ட்வீன் 20 போன்ற சோப்புப் பொருளைச் சிறிதளவு கூட்டுவது, மாதிரி பேடை கேசின் அல்லது மாட்டு ஆல்புமின் கொண்டு முன்கூட்டியே பதப்படுத்துவது, உப்பின் அளவை மாற்றுவது என்ற வரிசையில் முயலவேண்டும். சோப்பு மிகுந்தால் உண்மையான கோடும் கரைந்துபோகும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தோடும் வலுக்குறைந்த நேர்மறை மாதிரியையும் ஓட்டுவது கட்டாயம். எதிர்மறையைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று மகிழும் நாளில் நேர்மறையும் போயிருப்பது வழக்கமான கதை.

பஃபரில் கோடு இல்லை, சில மனிதர்களின் சீரத்தில் மட்டும் வருகிறது என்றால், தொடர்பில்லாத ஓர் எலி ஆன்டிபாடியைச் சுமக்கும் தங்கத்தைக் கொண்டு அதே சீரத்தை ஓட்டுங்கள். அதிலும் கோடு வந்தால், அந்த மனிதரின் இரத்தத்தில் விலங்கு ஆன்டிபாடிகளைப் பிணைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. வாதக் காரணி என்று சொல்லப்படுவதும் இந்த வகையில் சேரும். நாட்பட்ட தொற்றுகள் பல சேர்ந்திருக்கும் மக்களிடம் இதை எதிர்பார்த்தே தொடங்கவேண்டும். மாதிரி பேடிலேயே தொடர்பில்லாத எலி ஐஜிஜியைத் தாராளமாக உலர்த்தி வைத்தால், இடையூறு செய்யும் பொருள் அங்கேயே நிரம்பிவிடும். அந்தச் சோதனைத் தங்கத்தில் கோடு வரவில்லை, நம் தங்கத்தில் மட்டும் வருகிறது என்றால் உண்மையான குறுக்குவினையை, அதாவது வேறோர் உயிரியின் பொருளை நம் ஆன்டிபாடி பிடிப்பதை, சந்தேகிக்கவேண்டும். அதை ஆறாம் அறிகுறியில் பார்ப்போம்.

மூன்றாவது வகை, குறித்த நேரத்தில் இல்லாமல் பிறகு தோன்றும் கோடு. பழைய யானைக்கால் அட்டையைப் பத்து நிமிடத்தில் படிக்கவேண்டும் என்று விதி இருந்ததற்குக் காரணம் இதுவே: பின்னர் படித்தால் எதிர்மறை அட்டைகளும் நேர்மறையாகத் தெரிந்தன. சவ்வு உலரத் தொடங்கும்போது, உறிஞ்சு பேடிலிருந்து திரவம் பின்னோக்கி வரலாம்; ஓடாமல் தங்கிய தங்கமும் மெல்லக் கோட்டில் படியலாம். உறிஞ்சு பேடின் கொள்ளளவைக் கூட்டினால் பின்னோட்டம் குறையும். ஆயினும், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் நூறு குழந்தைகளைச் சோதிக்கும் பணியாளர் எல்லாவற்றையும் பத்தாம் நிமிடத்தில் படிப்பார் என்று எண்ணி வடிவமைப்பது உருவாக்குபவரின் தவறு. பணியாளரைக் குறைசொல்லக் கூடாது. பத்தாம் நிமிடத்துக்கும் முப்பதாம் நிமிடத்துக்கும் இடையில் முடிவு மாறாத பட்டையே களத்துக்கு உரியது. ஒவ்வொரு பேட்சிலும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியிலும்) ஐந்து, பத்து, இருபது, முப்பது, அறுபது நிமிடங்களில் ஒளிப்படம் எடுத்து வைத்தால், கோடு எப்போது பொய்யாகத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி 4: சீரத்தில் நன்றாக ஓடுகிறது, முழு இரத்தத்தில் சவ்வு சிவந்து ஓட்டம் நின்றுவிடுகிறது

இரத்த வடிகட்டிப் பேடின் கொள்ளளவை மீறி இரத்தம் விடப்பட்டிருக்கிறது, அல்லது சிவப்பணுக்கள் அங்கேயே உடைகின்றன. பழைய அட்டைக்கு 100 மைக்ரோலிட்டரும், பின்வந்த பட்டைக்கு 75 மைக்ரோலிட்டரும் இரத்தம் தேவைப்பட்டன. அதற்கும் பின் வந்த ஒரு கேசட் 20 மைக்ரோலிட்டரோடு நின்றுவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தையின் விரலிலிருந்து 75 மைக்ரோலிட்டர் எடுப்பது எவ்வளவு கடினம் என்பது எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரலை அழுத்திப் பிழியும்போது திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும், அணுக்களும் உடையும். ஆகவே இந்த அறிகுறிக்குப் பேடை மட்டும் பெரிதாக்காமல், குறைந்த இரத்தத்திலேயே அதே உணர்திறனை (தொற்றுள்ளவரைத் தவறவிடாமல் கண்டறியும் திறனை) பெற வழியுண்டா என்று கேட்பது மேல்.

அணுக்கள் உடைவது ஐயமானால் மாதிரி பேடில் உலர்த்திய சோப்பின் வகையையும் பஃபரின் உப்படர்த்தியையும் பாருங்கள்; சீரத்துக்காகச் சேர்த்த சோப்பு முழு இரத்தத்தில் சிவப்பணுவின் உறையைக் கிழிக்கும். இரத்தசோகை மிகுந்தவரிடம் பிளாஸ்மாவின் பங்கு கூடுதலாக இருப்பதால் ஓட்டமும் கோட்டின் அழுத்தமும் மாறும். கொக்கிப்புழு பரவலாக உள்ள ஊர்களில் இது அரிதான நிலை அல்ல. சோதனைக்கு நாள இரத்தத்தை மட்டும் பயன்படுத்தியிருந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதில் இருந்தது, விரல் இரத்தத்தில் அது இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அறிகுறி 5: ஆய்வகத்தில் குறையில்லை, ஊருக்குப் போனதும் கோடு வலுவிழக்கிறது

ஈரமே முதல் சந்தேகம். பட்டைகளை வெட்டிக் கேசட்டில் அடைக்கும் அறையின் ஒப்பு ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். கடலோர ஊர் ஒன்றின் சாதாரண அறையில் செய்த பட்டைகள், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தாலும், ஈரத்தை உள்ளே வைத்தே மூடப்பட்டுவிடுகின்றன. ஈரம் புகுந்த கான்ஜுகேட் பேடில் சர்க்கரை இளகி, தங்கம் திரண்டு, ஓடும்போது ஊதா நிறமாகவும் கோடுகோடாகவும் வரும். உறையை அமுக்கிப் பார்த்து, நீரில் மூழ்கவைத்து, மூடிய விளிம்பில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பழைய முறையாயினும் பயனுள்ளது.

வெப்பம் இரண்டாவது. பழைய யானைக்கால் அட்டைக்குக் குளிர்பதனம் வேண்டியிருந்தது. பின்வந்த பட்டை அறை வெப்பத்தில் வைக்கக்கூடியதாக அமைந்தது அதன் வெற்றிக்குப் பெரிய காரணம். பட்டைகளை 45 டிகிரி செல்சியசில் வாரக்கணக்கில் வைத்துச் சோதிக்கும்போது வலுவான நேர்மறை மாதிரியைப் பயன்படுத்தினால் எதுவும் கெடாததுபோலவே தோன்றும். வீழ்ச்சி முதலில் தெரிவது கண்டறியும் எல்லைக்கு அருகில் உள்ள மாதிரியில்தான். அதைக் கொண்டே அளக்கவேண்டும். மிகையாக உலர்வதும் கேடு என்பதைச் சிலர் எதிர்பார்ப்பதில்லை: ஈரம் முழுதும் போன நைட்ரோசெல்லுலோஸ் திரவத்தை ஒரே சீராக ஏற்காமல், ஓட்டத்தின் முன்விளிம்பு கோணலாகும்.

அறிகுறி 6: ஒரு நாட்டில் சரியாக இருந்த பட்டை இன்னொரு நாட்டில் தவறுகிறது

பட்டையில் எந்த மாற்றமும் இல்லை, சேமிப்பும் சரி, ஆனாலும் எண்கள் விழுகின்றன என்றால் ஒட்டுண்ணியையும் மக்களையும் பார்க்கவேண்டிய கட்டம் வந்துவிட்டது. மேசையில் செய்யும் எந்தத் திருத்தமும் இதைத் தீர்க்காது என்பதால், இந்த அறிகுறிக்கு அதிக இடம் தருகிறேன்.

காலா அசார் என்னும் கருங்காய்ச்சலுக்கான ஆர்கே39 பட்டை தெளிவான எடுத்துக்காட்டு. அதிலுள்ள ஆன்டிஜென், அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியான லீஷ்மேனியாவின் பிரேசில் நாட்டு வகை ஒன்றின் கைனசின் சார்ந்த புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் 39 அமினோ அமிலத் துண்டிலிருந்து உருவாக்கப்பட்டது. 1993இல் அது விவரிக்கப்பட்டது. பீகாரிலும் நேபாளத்திலும் இந்தப் பட்டை மிகச் சிறப்பாக வேலை செய்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் ஒழிப்புத் திட்டமே அதை நம்பி நடந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலோ உணர்திறன் கணிசமாகக் குறைந்தது. அங்குள்ள லீஷ்மேனியா டொனோவானியில் அந்தத் துண்டின் வரிசை மாறுபடுவதும், அங்குள்ள நோயாளிகளின் ஆன்டிபாடி அளவு தாழ்ந்திருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எச்.ஐ.வி. சேர்ந்திருப்பவரிடம் உணர்திறன் இன்னும் சரிகிறது. தீர்வு, உள்ளூர் ஒட்டுண்ணியின் வரிசையையும் சேர்த்த கூட்டு ஆன்டிஜென். ஆர்கே28 அந்த எண்ணத்தில் வந்ததே.

ஆப்பிரிக்கத் தூக்க நோயிலும் இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. அதன் அட்டைத் திரட்டுச் சோதனை, லிடாட் 1.3 என்ற ஒரே மேற்பரப்பு ஆன்டிஜெனை நம்பியிருந்தது. அந்த ஆன்டிஜெனுக்குரிய மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் கேமரூனில் கண்டறியப்பட்டன. பின்வந்த பட்டைகளில் லிடாட் 1.5 என்ற இரண்டாவது ஆன்டிஜெனும் சேர்க்கப்பட்டது.

யானைக்கால் பட்டையின் சிக்கல் எதிர்த்திசையில் வந்தது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் லோவா லோவா என்ற கண்புழு பரவலாக இருக்கிறது. அதன் நுண்புழுக்கள் இரத்தத்தில் மிகுந்திருந்த சிலரிடம், வுச்செரேரியா இல்லாதபோதும் ஆன்டிஜென் பட்டை நேர்மறை காட்டியது 2010களில் தெரியவந்தது. இதைக் கணக்குப் பிழை என்று கடந்துபோக முடியாது: பட்டையை நம்பி அந்த ஊரை யானைக்கால் நோய் உள்ள பகுதியாக அறிவித்தால் அடுத்து ஐவர்மெக்டின் என்ற புழுநீக்க மருந்து கொடுக்கப்படக்கூடும்; லோவா நுண்புழு மிக அதிகமாக உள்ளவருக்கு அந்த மருந்து மூளையைப் பாதிக்கும் கடும் விளைவைத் தரக்கூடியது. ஆகவே எதிர்மறை மாதிரிகளின் தொகுப்பில் லோவா தொற்றுள்ளவர்களின் இரத்தம் இல்லாத பட்டைக்கு, ஆப்பிரிக்கா முழுமைக்குமான தனித்தன்மை (தொற்றில்லாதவரை எதிர்மறை என்று சரியாகக் காட்டும் திறன்) எண் எதையும் அச்சிடக் கூடாது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஆன்டிபாடியோடு கட்டுண்ட ஆன்டிஜெனை விடுவிக்க, எலைசா என்னும் ஆய்வகச் சோதனை முறையில் சீரத்தைச் சூடாக்குவார்கள். அப்படிச் சூடாக்கிய லோவா மாதிரிகளில் குறுக்குவினை கூடுதலாக வெளிப்படுகிறது. சூடாக்கிய சீரத்தில் பெற்ற தனித்தன்மையும் சூடாக்காத விரல் இரத்தத்தில் பெறும் தனித்தன்மையும் ஒன்றல்ல.

மாறாக, கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியைப் போன்று புருகியா மலாயி இருந்த இடங்களில் இதே ஆன்டிஜென் பட்டையை வைத்துக்கொண்டு நோயில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அது வுச்செரேரியாவுக்கு உரியது. புருகியாவுக்கு ஐஜிஜி4 பட்டை வேண்டும்.

அறிகுறி 7: நோய் கண்ணெதிரே இருக்கிறது, பட்டை எதிர்மறை, குணமானவரிடம் பட்டை நேர்மறை

கால் வீங்கிய நோயாளிகளின் இரத்தத்தை வாங்கி வந்து, பட்டை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது புதிதாக வருபவர்கள் செய்வது. நாட்பட்ட வீக்கம் உள்ளவர்களில் பலரிடம் உயிருள்ள புழு இருப்பதில்லை. புழு செத்த பிறகும் நிணநீர்க் குழாயின் சேதம் தொடர்கிறது. நேர்மறைத் தொகுப்பை நுண்புழு உள்ளவர்களிடமிருந்தே அமைக்கவேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு வெளியில் எந்த அறிகுறியும் இருக்காது.

எதிர்ப்பக்கத்தில், மருந்து கொடுத்து நுண்புழு மறைந்தபின்னும் முதிர்ந்த புழு ஓரளவு பிழைத்திருந்தால் ஆன்டிஜென் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். ஆர்கே39 போன்ற ஆன்டிபாடிப் பட்டையில் இது இன்னும் கடுமை: குணமான பிறகும் ஆன்டிபாடி நீடிப்பதால், மீண்டும் காய்ச்சல் வந்த பழைய நோயாளியிடம் அந்தப் பட்டை எதையும் சொல்லாது. இரண்டு வாரத்துக்கு மேலான காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், முன்பு அந்த நோய் வந்ததில்லை என்ற தகவல் ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் படிக்கவேண்டும் என்ற விதி அதனால்தான். பட்டையைத் திருத்துவதால் இது சரியாகாது; பயன்பாட்டுக் குறிப்பில் எழுதவேண்டியது.

அறிகுறி 8: கோடு தெளிவு, வேதியியல் சரி, ஆனாலும் பொய் நேர்மறை மிகுதி

இப்போது அளவுகோலைப் பாருங்கள். குடல் சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழுநோய்க்குச் சிறுநீரில் அந்தப் புழுவின் சிசிஏ என்ற ஆன்டிஜெனைத் தேடும் கேசட்டை, மலத்தில் முட்டையைத் தேடும் கேட்டோ-கேட்ஸ் முறையோடு ஒப்பிட்டால், கேசட் நேர்மறை என்று சொன்ன பலரிடம் முட்டை கிடைப்பதில்லை. அந்த முறையின் ஒரு தடவுகைக்கு எடுக்கும் மலம் சுமார் 41.7 மில்லிகிராம்தான், புழு குறைவாக உள்ளவரிடம் அது தவறவிடுவது இயல்பு. பல நாட்களின் தடவுகைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கேசட்டின் ‘பொய்’களில் ஒரு பகுதி மெய்யாகிறது. ஆனால் எல்லாவற்றையும் இந்தச் சாக்கில் தள்ளிவிடவும் கூடாது: சிசிஏவில் உள்ள லூயிஸ் எக்ஸ் என்ற சர்க்கரை அமைப்பு மனித உயிரணுக்களிலும் இருக்கிறது, சிறுநீர்த் தொற்று உள்ளவர்களிடம் பொய்க் கோடுகள் பதிவாகியுள்ளன.

பரவல் மிகக் குறைந்த கட்டத்தில் எளிய கணக்கே பட்டையைத் தோற்கடிக்கும். ஆற்றுக்குருடு நோய்க்கு மருந்தை நிறுத்தலாமா என்று முடிவுசெய்ய, உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓவி16 ஆன்டிபாடி 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் உண்மையான தொற்று இருக்கிறது என்று கொள்வோம். 99 சதவீதத் தனித்தன்மை உள்ள பட்டை அங்கே ஏறக்குறைய பத்துப் பொய் நேர்மறைகளைத் தரும், 99.8 சதவீதம் என்றாலும் இரண்டு. இந்தத் தரத்தை மெய்ப்பிக்க எத்தனை எதிர்மறை மாதிரி வேண்டும் என்பதையும் முன்னரே கணக்கிடுங்கள். 300 எதிர்மறைகளில் ஒரு பொய்கூட வரவில்லையென்றால், 95 சதவீத நம்பகத்தில், பொய் விகிதம் ஒரு சதவீதத்துக்கு மிகாது என்று மட்டுமே சொல்லமுடியும். 99.8 சதவீதம் என்று சொல்ல, 1,500 மாதிரிகளில் ஒரு பிழையும் வராமல் இருக்கவேண்டும். நூறு சீரத்தை ஓட்டிவிட்டு ‘தனித்தன்மை 100 சதவீதம்’ என்று எழுதும் வழக்கம் கைவிடப்படவேண்டியது.

அறிகுறி 9: பேட்ச் மாறியதும் முடிவு மாறுகிறது

சிசிஏ கேசட்டில் இது உலகறிந்த சிக்கல். ஒரு பேட்சில் மிக மங்கலாக வந்த கோடு இன்னொன்றில் தெளிவாக வந்தது. மங்கல் கோட்டை நேர்மறை என்பதா எதிர்மறை என்பதா என்ற கேள்வியோடு சேர்ந்து, ஒரு மாவட்டத்தின் பரவல் விகிதமே பேட்ச் எண்ணைப் பொறுத்து ஏறி இறங்கியது. கோட்டின் அழுத்தத்தைப் படிப்படியாகக் காட்டும் ஒப்பீட்டுக் கேசட்டுகள், அதாவது ஜி1 முதல் ஜி10 வரையான வரிசை, இதனால் கொண்டுவரப்பட்டது.

முதலில் பார்க்கவேண்டியது சவ்வு. நான்கு சென்டிமீட்டரைத் திரவம் கடக்க எடுக்கும் நேரம் சவ்வின் உறையில் எழுதப்பட்டிருக்கும். அதே வகைச் சவ்விலும் பேட்சுக்குப் பேட்ச் அது சில நொடிகள் மாறும். மெதுவாக ஓடும் சவ்வு ஆன்டிஜெனுக்குப் பிணையக் கூடுதல் நேரம் தருவதால் உணர்திறனையும் பொய்க் கோட்டையும் ஒன்றாகவே உயர்த்தும். அடுத்தது தங்கத்தின் துகள் அளவும் கான்ஜுகேட்டின் ஒளி அடர்த்தியும். அதன்பிறகு கோடிடும் கருவி சென்டிமீட்டருக்கு எத்தனை மைக்ரோலிட்டர் இடுகிறது, ஊசிமுனை அடைத்திருக்கிறதா என்பவை. பாலிகுளோனல் ஆன்டிபாடி பயன்படுத்துபவர்கள் விலங்கு மாறும்போது ஆன்டிபாடியும் மாறுகிறது என்பதை எதிர்பார்த்தே, பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டும் அளவுக்குப் பழைய இருப்பை மிச்சம் வைத்திருக்கவேண்டும்.

ஒவ்வொரு பேட்சையும் வெளியே விடுமுன், நீர்த்த வரிசையின் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது பத்துப் பட்டைகளை ஓட்டி, முந்தைய பேட்ச் எந்தப் படிவரை கோடு காட்டியதோ அதே படியில் இதுவும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு படி கீழே இறங்கினால் மட்டும் நிராகரித்து, ஒரு படி மேலே ஏறினால் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உணர்திறன் கூடிய பேட்சும் நிராகரிக்கப்படவேண்டியதே. ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளில் ஆன்டிஜென் இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து ஒரு மாவட்டத்தில் மருந்தை நிறுத்துவது பற்றி முடிவெடுக்கும் அலுவலருக்கு, சென்ற கணக்கெடுப்பில் பயன்பட்ட பட்டையும் இந்த முறை பயன்படும் பட்டையும் ஒரே எல்லையில் நிற்கவேண்டும்.